எஃப்டிபி முகவரியைக் கட்டுவதும் பிரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்துக்கும், ஆடுதுறைப் பக்கம் இரண்டு அரிசி ஆலைகளுக்கும் கோப்பு அனுப்பும் நிரல்களைப் பல ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அச்சகத்துக்குத் திருமண அழைப்பிதழ்ப் பக்கங்கள் வரும். ஆலைகளிலிருந்து எடைக் கணக்கு போகும். இரண்டுக்கும் எஃப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் பழைய நெறிமுறை) வழியாகத்தான் அனுப்பி வந்தேன்; ஆலைகளுக்கு இன்றுவரை அதுதான். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பழக வரும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். மாதிரி முகவரிகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரே தமிழில் இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

எஃப்டிபி முகவரியில் என்னென்ன பகுதிகள் இருக்கின்றன?

முழு உருவம் இது:

எஃப்டிபி://பயனர்:கடவுச்சொல்@சர்வர்:21/நெல்/குறுவை/எடை.சிஎஸ்வி;டைப்=ஐ

முதலில் நெறிமுறையின் பெயர். இரண்டு சாய்கோடுகளுக்குப் பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், நடுவில் முக்காற்புள்ளி. @ குறிக்குப் பின் சர்வரின் பெயர், தேவையானால் போர்ட் எண் (சர்வரில் எந்த வாசலில் நுழைவது என்று சொல்லும் எண்). அடுத்த சாய்கோட்டிலிருந்து பாதை தொடங்குகிறது. கடைசியில் அரைப்புள்ளி போட்டுக் கோப்பை அனுப்பும் வகை. பயனரையும் கடவுச்சொல்லையும் விட்டுவிட்டால் 'அனானிமஸ்' என்ற பெயரில் நுழைய வேண்டும் என்று பொருள். போர்ட் எண் இல்லையென்றால் 21.

இந்த அமைப்பை வகுத்தது 1994 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1738 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வெளியிடும் எண்ணிட்ட ஆவண வரிசை). எல்லா வகை முகவரிகளுக்கும் பொதுவான இலக்கணமாக 2005 ஜனவரியில் ஆர்எஃப்சி 3986 வந்தது. நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) பலவும் பின்னதை ஒட்டிப் பிரிக்கின்றன. ஆனால் எஃப்டிபிக்கே உரிய விதிகள் முன்னதில்தான் இருக்கின்றன. பாதி வில்லங்கம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிறக்கிறது.

எழுத்துச் சரங்களை ஒட்டினாலே முகவரி வந்துவிடுகிறதே. அதற்கு எதற்கு நூலகம்?

நானும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முகூர்த்த மாதத்தில் அச்சக உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றினார். புதியதில் நடுவே ஒரு # இருந்தது. 'நெல்#45' என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு எந்தப் பக்கமும் இறங்கவில்லை. நிரல் காட்டிய பிழை 'சர்வரின் பெயர் தெரியவில்லை' என்பது. இணைப்புதான் போய்விட்டது என்று மோடத்தை நான்கு முறை அணைத்துப் போட்டார்கள். காலையில் அழைப்பிதழ் வாங்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் திரையை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

நான் ஒட்டிய முகவரி இப்படி இருந்தது:

எஃப்டிபி://அச்சகம்:நெல்#45@சர்வர்/பக்கம்/

முகவரியில் # வந்தால் அங்கிருந்து 'பிராக்மென்ட்' என்னும் வால்பகுதி தொடங்குகிறது. ஆகவே முகவரியைப் பிரிக்கும் பைத்தான் மொழியின் யூஆர்எல்ஸ்பிளிட் # வரைக்கும்தான் சர்வர் பகுதி என்று எடுத்துக்கொண்டது. மிஞ்சியது 'அச்சகம்:நெல்'. அதில் @ இல்லை. அதனால் 'அச்சகம்' சர்வரின் பெயராகிவிட்டது. 'நெல்' போர்ட் எண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தில் எண்ணைக் கேட்டிருந்தால் பைத்தான் அப்போதே பிழை சொல்லியிருக்கும். நான் 21 என்று கையாலேயே எழுதியிருந்ததால் கேட்கவில்லை. இல்லாத ஒரு சர்வரை இரவு முழுக்க நிரல் தேடிக்கொண்டிருந்தது.

திருத்தம் ஒரே வரி. ஒட்டுவதற்கு முன் கடவுச்சொல்லைக் குவோட் (சிக்கலான குறிகளை % போட்ட எண்ணாக மாற்றித் தரும் பைத்தான் செயல்கூறு) வழியாக அனுப்பினேன். # என்பது %23 ஆனது.

எதை எதைச் சதவீதக் குறியாக மாற்ற வேண்டும்?

பயனர் பெயரிலும் கடவுச்சொல்லிலும் முக்காற்புள்ளி, @, சாய்கோடு, #, ?, % ஆகியவை வந்தால் மாற்றியே ஆக வேண்டும். @ என்பது %40, இடைவெளி %20, % தானே %25. பகிர்வு சர்வர்களில் பயனர் பெயரே மின்னஞ்சல் முகவரிபோல இருப்பது வழக்கம். அதில் உள்ள @ குறியையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் பைத்தான் கடைசி @ எங்கே என்று பார்த்துப் பிரித்துவிடும். அந்தத் தயவை எல்லா நிரலும் காட்டாது.

பைத்தானின் குவோட்டில் ஒரு பொறி இருக்கிறது. சொல்லாமலேயே அது சாய்கோட்டை விட்டுவைக்கும். முழுப் பாதையை ஒரே வீச்சில் மாற்றுபவர்களுக்கு வசதி. கடவுச்சொல்லை மாற்றுபவர்களுக்கு ஆபத்து. கடவுச்சொல்லுக்கு 'சேஃப்' என்னும் இடத்தில் வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். பாதைக்கும் ஒவ்வொரு துண்டாக, வெற்றுச் சரம் கொடுத்தே மாற்றுங்கள். பிறகு சாய்கோடு போட்டுச் சேருங்கள்.

பிஎச்பி எழுதுபவர்கள் ராயூஆர்எல்என்கோட் என்பதையே பயன்படுத்த வேண்டும். வெறும் யூஆர்எல்என்கோட் இடைவெளியைக் கூட்டல் குறியாக்கிவிடும். இணையப் படிவங்களுக்கு அது சரி. எஃப்டிபி பாதையில் கூட்டல் குறி என்றால் கூட்டல் குறிதான். 'சம்பா எடை' என்ற கோப்பைக் கேட்கப் போய் 'சம்பா+எடை' என்று கேட்பீர்கள்; சர்வர் இல்லை என்று கையை விரிக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல் பொருளை உருவாக்கிக் கடவுச்சொல்லை அதில் வைத்தால் @, #, சாய்கோடு எல்லாவற்றையும் அதுவே மாற்றிக்கொள்ளும். % குறியை மட்டும் தொடாது. கடவுச்சொல்லில் % வரக்கூடுமென்றால் முதலில் என்கோட்யூஆர்ஐகாம்போனென்ட் வழியாக அனுப்பிவிட்டுப் பிறகு வையுங்கள். இருமுறை மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். % குறியை அது தொடாததே இங்கே நமக்கு நல்லதாகிறது.

முகவரியில் %2520 என்று வருகிறது. இது என்ன?

ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றியிருக்கிறீர்கள். இடைவெளி %20 ஆனது. அதிலிருந்த % மறுபடி %25 ஆனது. இரண்டு பேர் எழுதிய நிரலில் இருவருமே பொறுப்போடு நடந்துகொண்டால் இது வரும். யார் மாற்றுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சி: நிரலுக்குள் எல்லாம் இயல்பான எழுத்தில் இருக்கட்டும், முகவரியாகக் கட்டும் ஒரே இடத்தில் மட்டும் மாற்றம் நடக்கட்டும்.

பிரிக்கும்போது முதலில் குறிகளை அவிழ்ப்பதா, முதலில் பிரிப்பதா?

முதலில் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் அவிழ்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் தண்ணீர் முக்கொம்பில் பிரிகிறது, கல்லணையில் பிரிகிறது, பிறகு ஆறு, வாய்க்கால், வயல் மடை என்று இறங்குகிறது. மடையைக் கல்லணையிலேயே திறந்துவிட யாரும் நினைப்பதில்லை. முகவரியிலும் அந்த வரிசைதான்: முதலில் நெறிமுறை, பிறகு சர்வர் பகுதி, அதற்குள் பயனர், பிறகு பாதை, பாதைக்குள் துண்டுகள். கடைசித் துண்டு கைக்கு வந்த பிறகுதான் %40 என்பதை @ ஆக்க வேண்டும். முழு முகவரியையும் முதலிலேயே அவிழ்த்தால் கடவுச்சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த @ வெளியே வந்து தானும் ஒரு பிரிப்பான் என்று நிற்கும்.

நூலகங்கள் இதில் ஆளுக்கொரு விதம். பைத்தானின் யூஆர்எல்ஸ்பிளிட் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவிழ்க்காமல் அப்படியே கொடுக்கும். அன்குவோட் செய்வது உங்கள் வேலை. ஜாவாவின் யூஆர்ஐ வகுப்பில் கெட்பாத் அவிழ்த்துக் கொடுக்கும், கெட்ராபாத் அவிழ்க்காமல் கொடுக்கும். இரண்டாவதை வாங்கிச் சாய்கோட்டில் வெட்டுங்கள். கோ மொழியில் பாத் என்பது அவிழ்த்தது. அவிழ்க்காதது வேண்டுமானால் எஸ்கேப்டுபாத். சர்வர் பெயரைப் பைத்தான் சிறிய எழுத்தாக்கித் தரும். அதில் தவறில்லை, சர்வர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. பாதையில் உண்டு.

பாதையில் %2எஃப் எதற்கு வருகிறது? இரண்டு சாய்கோடு போட்டாலும் அதேதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எஃப்டிபி முகவரியின் பாதை வலைத்தள முகவரியின் பாதையைப் போன்றதன்று. வலைத்தளத்தில் பாதை முழுவதும் ஒரே சரமாகச் சர்வருக்குப் போகிறது. எஃப்டிபியில் அது கட்டளைகளின் வரிசை. 'நெல்/குறுவை/எடை.சிஎஸ்வி' என்றால், ஆர்எஃப்சி 1738 சொல்வதன்படி, முதலில் 'நெல்' கோப்புறைக்குள் போ, அடுத்து 'குறுவை'க்குள் போ, பிறகு 'எடை.சிஎஸ்வி'யைக் கொடு. கோப்புறைக்குள் போகும் கட்டளை சிடபிள்யூடி, கோப்பைக் கேட்கும் கட்டளை ஆர்இடிஆர்.

தொடங்கும் இடம் எது? சர்வரின் வேர் அன்று. உள்ளே நுழைந்ததும் சர்வர் உங்களை எங்கே நிறுத்துகிறதோ அந்த இடம். பெரும்பாலும் பயனரின் சொந்தக் கோப்புறை. சர்வர் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோடு வெறும் பிரிப்பான், பாதையில் சேராது. வேரிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் முதல் துண்டுக்குள்ளேயே ஒரு சாய்கோடு இருக்க வேண்டும். அதைத்தான் %2எஃப் என்று எழுதுகிறோம்:

எஃப்டிபி://சர்வர்/%2எஃப்நெல்/எடை.சிஎஸ்வி

இதை அவிழ்த்தால் சிடபிள்யூடி கட்டளைக்கு '/நெல்' போகும். இரண்டு சாய்கோடு போட்டால் நடுவில் ஒரு வெற்றுத் துண்டு உருவாகிறது. விதிப்படி வெற்றுப் பெயரோடு ஒரு சிடபிள்யூடி போக வேண்டும். சில சர்வர்கள் அதைப் பிழை என்று தள்ளும். அதனால் ஒரு சர்வரில் வேலை செய்த இரட்டைச் சாய்கோட்டை நம்பி இன்னொன்றில் போடாதீர்கள்.

ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு கட்டளை என்பதில், கட்டளை வரியிலிருந்து கோப்பை இறக்கும் கேர்ல் கருவி கறாராக இருக்கிறது. வேறு முறை வேண்டுமானால் விருப்பத்தேர்வு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பைத்தானின் யூஆர்எல்லிப் துண்டுகளைச் சேர்த்து ஒரே கட்டளையாக அனுப்புகிறது. ஒரே முகவரி ஒரு கருவியில் ஓடி இன்னொன்றில் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கோப்பின் பெயரில் அரைப்புள்ளி இருந்தால்?

ஆலையில் ஒருவர் ரகத்தையும் பருவத்தையும் அரைப்புள்ளியால் பிரித்துப் பெயர் வைப்பார்: 'ஏடிடி 43;குறுவை.சிஎஸ்வி'. அழகான பழக்கம், எனக்குத்தான் தலைவலி. பைத்தானின் யூஆர்எல்பார்ஸ் எஃப்டிபி முகவரியில் அரைப்புள்ளிக்குப் பின்வருவதைத் தனியாக வெட்டிவிடும்: பாதையில் 'ஏடிடி 43', மீதி 'பாராம்ஸ்' என்ற பெட்டியில். யூஆர்எல்ஸ்பிளிட் அப்படி வெட்டாது; ஆனால் அதைப் பயன்படுத்தினால் ';டைப்=' என்ற வாலை நீங்களே கழற்ற வேண்டும். பெயருக்குள் இருக்கும் அரைப்புள்ளியைக் கட்டும்போதே குறியாக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

கேள்விக்குறியும் இப்படித்தான். ஆர்எஃப்சி 1738 எஃப்டிபி பாதைக்குள் ? வருவதை அனுமதித்தது, 3986 அதை வினவல் பகுதியின் தொடக்கமாக வைத்தது. மாற்றாமல் விட்டால் பெயரின் பின்பாதி காணாமல் போகும்.

டைப் என்பது ஏ, ஐ, டி. எதைப் போடுவது?

ஐ. கோப்பு பைட் மாறாமல் வரும். ஏ போட்டால் வரி முடிவுகளை மாற்றிக் கொடுக்கும் எழுத்து முறை. பிடிஎஃப், படம், ஜிப் எதுவானாலும் பாழ். டி என்றால் கோப்புறையில் இருப்பவற்றின் பெயர்ப் பட்டியல்.

கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம். என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள்.

யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பட்டியல்; யூடிஎஃப்-8 அந்த எண்களைப் பைட்டாக எழுதும் முறை. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % குறியும் இரண்டு எழுத்துமாக 3 எழுத்து. 'நெல்' என்பதில் ந, எகரக் குறி, ல, புள்ளி என நான்கு யூனிகோட் குறிகள். 12 பைட், முகவரியில் 36 எழுத்து. கண்ணுக்கு இரண்டு எழுத்தாகத் தெரிவது அவ்வளவு இடம் பிடிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் 85 குறிகளுக்குள் முடித்தாக வேண்டும். மணமக்கள், பெற்றோர், மண்டபம் என்று அழைப்பிதழையே கோப்பின் பெயராக வைப்பவர்கள் கவனிக்க.

அடுத்தது நுட்பமான தொல்லை. 'கொள்ளிடம்' என்ற பெயரில் ஒரு கோப்பு சர்வரில் கண்ணெதிரே இருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறது. காரணம் முதல் எழுத்து. 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். பைட் வேறு. ஒற்றைக் குறியாக எழுதினால் சொல்லுக்கு 27 பைட், பிரித்து எழுதினால் 30. சர்வர் பைட்டை ஒப்பிடுமே தவிர வாசித்துப் பார்க்காது. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கொண்டு, ஏற்றும்போதும் கேட்கும்போதும் என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

அதற்கும் அடங்காத ஒன்று உண்டு. 'கௌரி' என்பதைச் சிலர் ஒற்றைக் கொம்பு, க, பிறகு ளகரம் என்று அடித்துவிடுவார்கள். 'கெளரி'. பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே எழுத்து. யூனிகோட்டுக்கு அது வேறு சொல், என்எஃப்சி திருத்தாது. கௌரி என்ற பெயரில் மணப்பெண் வந்தால் கோப்பின் பெயரை நான் கையால் அடித்துப் பார்ப்பதில்லை. சர்வர் தரும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பைத்தானின் எஃப்டிபி நூலகமான எஃப்டிபிலிப், 3.9க்கு முந்தைய பதிப்புகளில் கோப்புப் பெயர்களைத் தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 முறை என்று கருதியது, 3.9 முதல் யூடிஎஃப்-8. பழைய கணினியில் தமிழ்ப் பெயர் குப்பையாகத் தெரிந்தால் பதிப்பைப் பாருங்கள்.

முகவரிகளைச் சேர்க்கும் பைத்தானின் யூஆர்எல்ஜாயின் கடைசிக் கோப்புறையை விழுங்கிவிடுகிறதே?

அடிமுகவரியின் கடைசியில் சாய்கோடு இல்லை. 'நெல்/குறுவை' என்பதோடு 'எடை.சிஎஸ்வி'யைச் சேர்த்தால் 'நெல்/எடை.சிஎஸ்வி'தான் கிடைக்கும், 'குறுவை' ஒரு கோப்பு என்று அது எடுத்துக்கொள்கிறது. 'நெல்/குறுவை/' என்று கொடுங்கள்.

வெளியாள் கொடுக்கும் முகவரியை நிரலில் அப்படியே ஓட்டலாமா?

கூடாது. எஃப்டிபியில் கட்டளைகள் வரி வரியாகப் போகின்றன. பாதைத் துண்டுக்குள் வரிமுடிவுக் குறிகளைச் சதவீத வடிவில் ஒளித்து வைத்தால், அவிழ்த்ததும் ஒரு கட்டளை இரண்டாகிவிடும். இரண்டாவது, முகவரி கொடுத்தவர் எழுதியது. பைத்தானின் எஃப்டிபிலிப் இப்போது வரிமுடிவு உள்ள கட்டளையை அனுப்ப மறுக்கும். உங்கள் நூலகம் மறுக்குமா என்று சோதித்துவிட்டு, எதற்கும் அவிழ்த்த துண்டில் நீங்களும் ஒருமுறை தேடுங்கள்.

முகவரிக்குள்ளேயே கடவுச்சொல் வைப்பது சரியா?

இலக்கணப்படி சரி, வழக்கத்தில் வேண்டாம். பதிவேட்டிலும் பிழைச் செய்தியிலும் முகவரி முழுதாக விழும். அச்சகத்துப் பிழைப் பதிவேட்டை யாரோ வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியபோது கடவுச்சொல்லும் கூடவே வந்தது. கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து, உள்ளே நுழையும் கட்டளைக்கு நேரே கொடுங்கள். முகவரியை அச்சிடும் இடத்தில் சர்வரும் பாதையும் மட்டும் போதும். இவ்வளவு செய்தாலும் வெறும் எஃப்டிபியில் கடவுச்சொல் பூட்டில்லாமல்தான் வழியெல்லாம் போகிறது.

பிரவுசரில் எஃப்டிபி முகவரி திறக்கவில்லை. என் முகவரி தவறா?

தவறில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 90, குரோம் 95 ஆகிய பதிப்புகளோடு 2021இல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. கேர்ல் கொண்டு சோதியுங்கள்.

இவ்வளவு பழைய நெறிமுறையை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்?

1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 என்ற பெயரில் இதன் முதல் வடிவை எழுதியவர் அபய் பூஷன், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 959 வந்தது 1985இல். ஆலையின் எடை இயந்திரத்தோடு வந்த மென்பொருள் எஃப்டிபி மட்டும்தான் பேசும். இயந்திரம் நன்றாக ஓடுகிறது. கொள்முதல் நேரத்தில் மூட்டைகள் வாசலில் அடுக்கியிருக்க, அதை மாற்றச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

எஸ்எஃப்டிபிக்கு மாறினால் முகவரியில் முன்னெழுத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

பெயர்தான் ஒத்திருக்கிறது. எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்எச் என்னும் பூட்டிட்ட இணைப்பின் மேல் ஓடும் வேறொரு நெறிமுறை, போர்ட் 22. எஃப்டிபியையே பூட்டுப் போட்டு ஓட்டுவது எஃப்டிபிஎஸ், அது வேறு. எஸ்எஃப்டிபி முகவரியில் டைப் வாலுக்கு வேலையில்லை. பாதையின் பொருளும் மாறுகிறது. கேர்லில் எஸ்எஃப்டிபி பாதை சர்வரின் வேரிலிருந்து தொடங்கும். சொந்தக் கோப்புறை வேண்டுமானால் '/~/' என்று தொடங்க வேண்டும். எஃப்டிபியில் இருந்ததற்கு நேர் தலைகீழ். ஜாவாஸ்கிரிப்டின் யூஆர்எல் பொருளுக்கு எஃப்டிபி பழக்கமானது, 21ஆம் போர்ட்டைக் கொடுத்தால் தானே விழுங்கிக்கொள்ளும். எஸ்எஃப்டிபி அதற்கு அறிமுகமில்லாதது, 22 என்று கொடுத்தால் அப்படியே வைத்திருக்கும். அச்சகத்தை மாற்றியபோது நெறிமுறையும் போர்ட்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. பாதைகளுக்கு ஒரு முழு இரவு ஆனது.